மரக்குதிரையோடு மூன்று நாள்

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் மரக்குதிரையைத் தலைகீழாகத் திருப்பி வயிற்றில் தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன சார் இருக்கு?"

"ஒன்றுமில்லை. மரம்தான்."

"கொழந்தைக்கா?"

"இல்லை, என்னுடையது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாற்பத்து மூன்று வயது, பாதி நரைத்த தாடி. குதிரையைத் துண்டில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார். அந்த இரண்டு கேள்விக்கே எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. இதைவிடக் கஷ்டமான கேள்விகள் சிதம்பரத்தில் காத்திருந்தன.

என்ன சமாச்சாரம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் பினாங்கில் ஓவியன். முதலில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு ஓய்வு நேரத்தில் பம்பரம், தகரப் படகு, கிலுகிலுப்பை என்று சிறுவயதுப் பொம்மைகளைப் பெரிது பெரிதாக வரைய ஆரம்பித்தேன். ஆள் உயரத்துக்குக் கிலுகிலுப்பையைப் பார்த்த ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. அதிலும் ஒரு குதிரை. ஒரு சாண் உயரம், சிவப்பு வர்ணம், காலுக்கு ஒரு சக்கரம். மூன்று சக்கரம் மரம். பின்பக்கம் வலது காலில் மட்டும் ஒரு தகர மூடி. அந்தக் குதிரையை அறுபது தடவைக்கு மேல் வரைந்திருக்கிறேன். அந்த மூடியை ஒரு தடவைகூட விட்டதில்லை.

கேட்டவர்களிடமெல்லாம் ஒரே கதையைத்தான் சொல்லி வந்தேன். ஐந்து வயதில் தொண்டை அடைப்பான் வந்து கடலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அப்பா பினாங்கில் மளிகைக் கடை வேலையில் இருந்தார். வர முடியாததால் ஊருக்கு வந்த ஆள் ஒருவரிடம் குதிரையைக் கொடுத்து அனுப்பினார். அம்மா சொன்ன கதை இது. ஏழு வயதில் நானும் அம்மாவும் பினாங்குக்கு வந்ததும் அப்பாவிடமே கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார். கோலாலம்பூரில் ஜனவரியில் நடக்கவிருந்த என் கண்காட்சிக்கும் 'அப்பா அனுப்பிய குதிரை' என்றுதான் பெயர்.

அக்டோபரில் ஒரு கடிதம் வந்தது. தமிழ் வார இதழ் ஒன்றில் என் ஓவியத்தையும் இந்தக் கதையையும் பார்த்துவிட்டு, அந்த இதழ் மூலமாக எழுதியிருந்தார் ஸ்டெல்லா என்ற பெண்மணி. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் இருக்கிறார், பள்ளி ஆசிரியை. கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது.

'ஐயா, உங்கள் குதிரையின் வலது பின்சக்கரம் டிங்சர் பாட்டிலின் மூடி. அதை ஆணி அடித்து மாட்டியவர் என் அப்பா. குதிரை என் தங்கை ரோசலியுடையது. அவள் உங்களுக்கு அடுத்த கட்டிலில் இருந்தாள். பிழைக்கவில்லை. என் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டுமாம்.'

அவ்வளவுதான். திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. என்ன கேட்கப் போகிறார்கள்? குதிரையைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டால்? அம்மாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "போய்ப் பாத்துட்டு வா" என்றார். யார் இந்த ரோசலி என்று கேட்கவும் இல்லை. 

2008 டிசம்பர் முதல் வாரம் கடலூரில் போய் இறங்கினேன். அப்போதுதான் பெருமழை ஓய்ந்திருந்தது. திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்துவிட்டு, எதிரே சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். வஞ்சிரக் குழம்பும் சோறும். பினாங்கில் தட்டை வைத்துவிட்டுப் போனால் அப்புறம் நீ தின்றாயா தூக்கி எறிந்தாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே பரிமாறியவர் என் இலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னா சார், கொழம்பு காரமா?"

"இல்லை, நன்றாக இருக்கிறது."

"நல்லா இருந்தா ஏன் சார் ஒதுக்குறீங்க? ஒடம்பு சரியில்லியா? ரசம் ஊத்தறேன், அத சாப்புடுங்க."

ரசத்தை ஊற்றிவிட்டு நான் முடிக்கும்வரை நகரவில்லை. அவருக்குப் பயந்து சாப்பிட்டேன்.

பிறகு ஆட்டோ பிடித்து முதுநகர் போக வேண்டும் என்றேன். "ஓ.டி.யா சார்?" என்று கேட்டார் ஓட்டுநர். எனக்குப் புரியவில்லை. ஓல்டு டவுன் என்பதன் சுருக்கமாம். ஊர்க்காரர்கள் யாரும் முதுநகர் என்று சொல்வதில்லை. நான் பிறந்த இடத்தின் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு என்று அம்மா அடையாளம் சொன்ன இடத்தில் வலைக்கயிறு விற்கும் கடை இருந்தது. கருவாட்டு வாசனை, துறைமுகப் பக்கத்திலிருந்து லாரிச் சத்தம். கால் மணி நேரம் நின்று பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கடைக்காரர், "நைலானா சார், எத்தினி கிலோ?" என்று இரண்டு முறை கேட்டதும் கிளம்பிவிட்டேன்.

அடுத்து ஆஸ்பத்திரி. என் வாழ்க்கையில் அறுபது ஓவியங்கள் அங்கே தொடங்கியிருக்கின்றன.  குழந்தைகளின் தொற்றுநோய் வார்டு இருந்த ஓட்டுக் கட்டடத்தைக் காவலாளி காட்டினார். இப்போது அங்கே உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்தார்கள்.

"உள்ள விட முடியாது சார். சாவி ஆபீஸ்ல. வேணும்னா ஜன்னல் வழியா பாத்துக்குங்க."

பார்த்தேன். கம்பி போட்ட நீள ஜன்னல். உள்ளே துருப்பிடித்த கட்டில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. இந்த அறையில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்திருக்கிறேன். எந்தக் கட்டில், எந்தச் சுவர், யார் பக்கத்தில்? மூடியின் விளிம்பு என் விரலில் கீறியது தெரியும். சிவப்பு வர்ணத்தை நக்கியபோது நாக்கில் கசந்தது தெரியும். அடுத்த கட்டிலில் இருந்த பெண்குழந்தை மட்டும் தெரியவில்லை. ஒரு பின்னல், ஒரு குரல், ஒரு கை, எதுவும் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

வெளியே வந்ததும், செல்போனில் பேசினால் செலவு அதிகம் என்று ஒரு ஐ.எஸ்.டி. பூத்தில் நுழைந்து பினாங்குக்குப் போன் போட்டேன். அம்மாதான் எடுத்தார்.

"அம்மா, அப்பா குதிரை அனுப்பினாரா இல்லையா?"



"அவரு அந்த வருஷம் ஒரு கடுதாசிகூட அனுப்பல சேகரு."

"அப்போது ஏன் அப்படிச் சொன்னாய்?"

"என்னான்னு சொல்றது? செத்துப்போன பொண்ணோடதுன்னா? வீட்டுல எல்லாரும் தூக்கி வீசுன்னாங்க. நீ அத உட்டுட்டுத் தூங்க மாட்ட. அதான் அப்பா அனுப்புனதுன்னு சொன்னேன். அப்பறம் அதுவே நெலச்சிடுச்சி."

"அப்பாவும் ஆமாம் என்றாரே."

"அவருக்கு அது நல்லா இருந்துச்சி. நான் ஒண்ணும் சொல்லல."

அப்புறம் அம்மா ஒரு கேள்வி கேட்டார். "லூர்தம்மா நல்லா இருக்காங்களா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரோசலியின் அம்மாவின் பெயர் எனக்கே தெரியாது. கடிதத்திலும் இல்லை.

"உனக்குத் தெரியுமா அவர்களை?"

"ஒரு மாசம் ஒண்ணா நின்னோம்டா அந்த ஆஸ்பத்திரி ஜன்னல்ல. அந்தப் பொண்ணு போனதும் நான் அவுங்களப் பாக்கவே இல்ல. எம்புள்ள பொழச்சிட்டான். அவுங்க மூஞ்சிய எப்படி பாக்குறது?" அழுகிறார் என்று தெரிந்தது. பூத்துக்காரர் மீட்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை சிதம்பரத்துக்குக் கிளம்பினேன். ரயிலில் போகலாமா என்று லாட்ஜ்காரரிடம் கேட்டதற்குச் சிரித்தார். "ரயிலா? அகலப்பாத வேல நடக்குது சார். தண்டவாளமே இல்ல. பஸ்ல போங்க, ஒரு மணி நேரம்."

ஒரு மணி நேரம் நாலு மணி நேரமானது. புதுச்சத்திரம் பக்கம் ரோட்டில் தண்ணீர் இறங்கவில்லை என்று பஸ்ஸைக் குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாகச் சுற்றி விட்டார்கள். உட்கார இடமில்லாமல் முதலில் நின்றுகொண்டுதான் வந்தேன். நடத்துநர் என் பையைப் பிடுங்காத குறையாக வாங்கி மேலே பலகையில் போட்டார். "உடையும் சாமான்" என்றேன். "ஒண்ணும் ஆவாது சார், நாங்க முட்டையே ஏத்துறோம்" என்றார்.

வடலூரில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஓர் அம்மாள், மடியில் ஒரு வாழைத்தார். பினாங்குப் பஸ்ஸில் யாரும் யாரிடமும் பேச மாட்டார்கள். இந்த அம்மாளுக்குப் பத்து நிமிடத்தில் என் வயது, என் பிள்ளைகளின் எண்ணிக்கை, என் இரத்த அழுத்தம் எல்லாம் தெரிந்துவிட்டது.

"யார பாக்கப் போறீங்க?"

"தெரிந்தவர்கள் வீட்டுக்கு."

"தெரிஞ்சவுங்களப் பாக்கப் போற மூஞ்சியா இது? பரீச்சைக்குப் போற மாதிரி இருக்கீங்க."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஓர் எருமை குறுக்கே வந்தது. பிரேக் விழுந்தது. பலகையில் இருந்த மூட்டைகளோடு என் பையும் பறந்துபோய் நடுவழியில் விழுந்தது. பைக்குள்ளிருந்து வந்த சத்தத்தை நான் கேட்டேன். மரம் மோதும் சத்தம்.

துண்டைப் பிரித்துப் பார்த்தேன். கால்கள் நான்கும் இருந்தன. காது இருந்தது. பின்சக்கரம் இல்லை. நாற்பது வருடம் ஆடாமல் அசையாமல் இருந்த டிங்சர் மூடி, அதற்குச் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகும் வழியில் கழன்று போய்விட்டது. விழுந்த வேகத்தில் பையின் ஜிப் வாய் பிளந்திருந்தது.

"வண்டியை நிறுத்துங்கள்" என்று கத்தியிருக்கிறேன். நான் கத்தியது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. பஸ் ஓரமாக நின்றது.

"என்னா சார், நகையா?" என்று ஓடிவந்தார் நடத்துநர்.

"இல்லை. ஒரு மூடி. தகர மூடி. இவ்வளவு பெரியது."

"மூடியா?"

யாராவது திட்டுவார்கள் என்று நினைத்தேன். என் கையில் இருந்த மூன்று சக்கரக் குதிரையைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவர் குனிந்தார். பிறகு எல்லோரும் குனிந்தார்கள். கால்களைத் தூக்கிக்கொண்டார்கள், மூட்டைகளை நகர்த்தினார்கள். கல்லூரிப் பெண்கள் இருவர் செல்போன் வெளிச்சத்தை இருக்கைக்கு அடியில் அடித்துத் தேடினார்கள். ஒரு பெரியவர் சோடா மூடி ஒன்றை நீட்டி, "இதுவா பாருங்க" என்றார். இல்லை என்றதும், "இதயே மாட்டிக்குங்களேன், புதுசு" என்றார். கடைசியில் என் பக்கத்து அம்மாள்தான் வாழைத்தாரைத் தூக்கினார். அதற்கடியில் கிடந்தது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. ஆணியைக் காணவில்லை.

"இந்த மூடிக்கா இம்மாம் பாடு?" என்றார் அவர்.

அவரிடம் மட்டும் சொன்னேன். கடிதம், ரோசலி, கண்காட்சி, அம்மாவின் போன் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் சேத்தியாத்தோப்பு வந்துவிட்டது. இறங்கும்போது தாரிலிருந்து ஒரு சீப்பைப் பிய்த்து என் மடியில் வைத்தார். "அந்த அம்மாக்கு குடுங்க. வெறுங்கையோட போவாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

சிதம்பரத்தில் மாலை முழுவதும் மூடியை ஒட்டுவதில் போனது. கடையில் ஒரு பசை வாங்கி வந்தேன். அது என் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக ஒட்டியது. மூடியை ஒட்டவில்லை. ஆணி அடிக்கலாம் என்றால் மரம் பிளந்துவிடுமோ என்று பயம். ஓவியனான நான், என் வாழ்நாளில் மிக அதிகம் பார்த்த பொருளைச் சரிசெய்யத் தெரியாமல் லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மூடியை ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை கீழ வீதியில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டேன். சிதம்பரத்துக்கு வந்து கொத்சு சாப்பிடாமல் போகாதே என்று அம்மா சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். நாக்கில் புளிப்பும் காரமும் ஏறியது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது இட்லியைத் தொடாமல் எழுந்துவிட்டேன்.

அண்ணாமலை நகரில் ஊழியர் குடியிருப்பு. எல்லா வீடும் ஒரே மாதிரி, ஒரே மஞ்சள். ஆட்டோக்காரர் மூன்று சுற்றுச் சுற்றினார். நான் எண் பலகை தென்படக் கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். தென்பட்டுவிட்டது.

ஸ்டெல்லா கதவைத் திறந்தார். ஒல்லியான உருவம், தடித்த மூக்குக்கண்ணாடி. கணவர் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்க்கிறாராம், வெளியே போயிருந்தார்.

"வாங்க சார். வருவீங்கன்னு நான் நெனைக்கல. அம்மாதான் வருவாங்க வருவாங்கன்னு சொல்லிட்டே இருந்தாங்க."

லூர்தம்மாள் ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சேலை, காதில் ஒன்றும் இல்லை. நான் வாழைப்பழத்தைக் கொடுத்தேன். வாங்கி ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"கிட்ட வாப்பா. கண்ணு சரியா தெரியல. சேகர்தான?"

"ஆமாம்மா."

"ஒங்கம்மா சௌக்கியமா?"

"இருக்கிறார்கள். உங்களை விசாரித்தார்கள்."

"அவ சொல்லாம கொள்ளாம போயிட்டா. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்னு சொல்லு."

நான் பையைத் திறந்து குதிரையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். காகிதத்தைப் பிரித்து மூடியையும் வைத்தேன்.  "பஸ்ஸில் விழுந்துவிட்டது. இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தேன். நேற்றுத்தான்..." என்று ஏதோ உளறினேன்.

லூர்தம்மாள் மூடியை விரலால் தடவினார். சிரித்துவிட்டார்.

"அது அப்பவே நிக்காது. ரோசலி அப்பாக்கு ஆணி அடிக்கவே வராது. ஆஸ்பத்திரில கம்பவுண்டர்கிட்ட கெஞ்சி மூடிய வாங்கி, செருப்பு தைக்கிறவர்கிட்ட சுத்தியல் வாங்கி அடிச்சாரு. ரெண்டு நாள்ல கழண்டுச்சி. திருப்பி அடிச்சாரு."

ஸ்டெல்லா மெல்லச் சொன்னார், "அம்மா, அத நம்மளே வச்சிக்கலாம். சார் அதுக்குத்தான் கொண்டாந்திருக்காங்க."

"ஆமாம்மா, இது உங்களுடையது" என்றேன். இதைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன்.  பெரிய மனசோடு சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் இருந்தது.

"ச்சீ, குடுத்த பொருள திருப்பி வாங்குறதா?" என்றார் லூர்தம்மாள். "எம்பொண்ணு அத ஒனக்குக் குடுத்தா. நான் கண்ணால பாத்தேன். நீ ஓயாம அழுவ. ஒனக்கு ஊசி போட்ட அன்னிக்கு அவ எறங்கி வந்து குதிரைய ஒன் கட்டில்ல வச்சிட்டுப் போனா. ஏன்டி குடுத்தன்னு ஜன்னல்ல நின்னு கேட்டேன். அந்தத் தம்பி அழுவுதும்மா, அதான் குடுத்தேன்னா."

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

குதிரையை என்னிடமே நீட்டினார். வாங்கிக்கொண்டேன். ஸ்டெல்லாவின் முகம் ஒரு கணம் வாடியது. அப்புறம் அவர் காபி போட உள்ளே போனார்.

"நான் ஒண்ணு கேக்கணும்னு சொன்னேனே" என்றார் லூர்தம்மாள்.

"கேளுங்கம்மா."

"எங்கள உள்ள உட மாட்டாங்க. விளக்கு வச்சதும் ஜன்னலயும் சாத்திருவாங்க. நாங்க மரத்தடியில கெடப்போம். எம்பொண்ணு போனது விடிகாலையில. எங்களுக்குக் காலையிலதான் சொன்னாங்க. அப்ப உள்ள இருந்தது ஒரு நர்சு, அப்பறம் நீ. மத்த கட்டிலெல்லாம் காலி. அந்த நர்சம்மா அப்பவே வயசானவுங்க. கேக்கறதுக்குள்ள போய்ட்டாங்க. நீதான் மிச்சம்." மூச்சு வாங்கினார். "எம்பொண்ணு அன்னிக்கு அழுதாளா?"

இதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். குதிரைக்காக இல்லை. பொய்க்காக இல்லை.

இல்லையம்மா, நிம்மதியாகத் தூங்கினாள் என்ற வாக்கியம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் என் அம்மா நாற்பது வருடம் முன்னால் சொன்ன ஒரு நல்ல பொய் என்னை இந்த நாற்காலி வரை இழுத்து வந்திருந்தது. இன்னொன்றைச் சொல்ல வாய் வரவில்லை.

"எனக்கு நினைவில்லையம்மா" என்றேன். "ஆஸ்பத்திரி ஜன்னலில் போய் நின்று பார்த்தேன். எவ்வளவோ யோசித்தேன். குதிரை மட்டும்தான் தெரிகிறது. உங்கள் பெண்ணின் முகம்கூட எனக்குத் தெரியவில்லை. என்னை மன்னிக்க வேண்டும்."

ஸ்டெல்லா தம்ளர்களோடு வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டார். லூர்தம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே யாரோ சைக்கிளில் மீன் கூவிக்கொண்டு போனார்கள்.  எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. 

"ஒண்ணுமே நெனவில்லியா?"

"ஒன்றுமே இல்லை."

"பக்கத்துக் கட்டில்ல ஒரு கொழந்த கதறி அழுதிருந்தா நீ மறந்திருப்பியா?"

நான் கையிலிருந்த குதிரையைப் பார்த்தேன்.

"மறக்க மாட்ட. அஞ்சு வயசுப் புள்ள பயந்து போயிருப்பான். சாவுற வரைக்கும் மறக்க மாட்டான்." அவர் தனக்குத்தானே பேசுவதுபோல் மெல்லச் சொன்னார். "குதிரையோட மூடி நெனவிருக்கு. அழுவ நெனவில்ல. அப்ப அவ அழல."

எனக்கு அந்த ஜன்னலில் நின்ற என் அம்மாவின் முகமும் நினைவில்லை. நான் அழுததே நினைவில்லை. மறந்ததை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதைச் சொல்வதா வேண்டாமா என்று ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவருக்கும் அது புரிந்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கண் நிறைந்திருந்தது. வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை அசைத்தார்.

"அவ அழல" என்றார் லூர்தம்மாள் மறுபடி. கையை ஊன்றி எழுந்தார். "ஸ்டெல்லா, தம்பிக்கு சாப்பாடு போட்டுத்தான் அனுப்பணும். நான் சித்த படுக்கறேன்."

உள்ளறைக்குப் போனார். ஸ்டெல்லா காபியை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா பகல்ல படுக்கவே மாட்டாங்க சார்" என்றார் தாழ்ந்த குரலில். "ராத்திரியிலயும் ரெண்டு மணி நேரம் தூங்குனா அதிகம். ரோசலி போன நாள்லேருந்து இப்படித்தான்."

சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. முதலில் மெல்ல, பிறகு நன்றாக. நாங்கள் இருவரும் காபியை உறிஞ்சாமல், தம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த நேரம் பார்த்து என் செல்போன் அலறியது. பாய்ந்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கண்காட்சி நடத்தும் மிஸஸ் லிம், கோலாலம்பூரிலிருந்து. ஆங்கிலமும் மலாயும் கலந்து படபடவென்று பேசினார். கண்காட்சிப் புத்தகத்தின் அட்டை நாளை அச்சுக்குப் போகிறது, நான் சரி சொல்ல வேண்டும்.

"தலைப்பை மாற்ற வேண்டும்" என்றேன்.

"என்ன? எந்தத் தலைப்பு?"

"குதிரையை அப்பா அனுப்பவில்லை. 'ரோசலி கொடுத்த குதிரை' என்று போடுங்கள்."

"யார் கொடுத்தது? உனக்குப் பைத்தியமா? எல்லாப் பத்திரிகைக்கும் அப்பா என்று சொல்லியாகிவிட்டது. அழைப்பிதழ் போய்விட்டது."

"தெரியும். மாற்றித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் படங்களைத் தர மாட்டேன்."

"ஒன்றும் கேட்கவில்லை. ஏன் இப்படிக் குசுகுசுவென்று பேசுகிறாய்? உரக்கப் பேசு!"

"உரக்கப் பேச முடியாது" என்றேன். "உள்ளே ஒருவர் தூங்குகிறார்."